நெட்டைக் கிராங்க்கும் குட்டைக் கிராங்க்கும்

மலையடிவாரத்தில் ஒரு கரடியாரும் அவருடைய ஒற்றைச் சக்கர சைக்கிளும் இருந்தார்கள். கார்த்திகை தீபம் ஏற்றுவதை உச்சியில் நின்று பார்க்க வேண்டும் என்று சக்கரத்துக்கு வெகுநாள் ஆசை.

அன்று புறப்படும்போது, பெடலைத் தாங்குகிற கிராங்க் தண்டுகளில் நெட்டை ஜோடியை மாட்டுவதா, குட்டை ஜோடியை மாட்டுவதா என்று பேச்சு வந்தது.

"மேடு ஏற நான்தான் வேணும். என்னை மிதிச்சா பலம் கூடும்" என்றது நெட்டைக் கிராங்க்.

"ஆமாமா, வழியிலே உள்ள கல்லையெல்லாம் நீதான் இடிப்பே. என்னை மாட்டுங்க அண்ணே, விறுவிறுன்னு சுத்துவேன்" என்றது குட்டைக் கிராங்க்.

"யாரையாவது மாட்டித் தொலைங்களேன், பொழுது சாயுது!" என்றது சக்கரம்.

கரடியாருக்கு யார் மனசும் நோகக் கூடாது. இடது பக்கம் நெட்டையையும் வலது பக்கம் குட்டையையும் மாட்டிவிட்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? சைக்கிள் நொண்டி நொண்டிப் போய் முதல் வளைவிலேயே புதரில் சாய்ந்தது. கரடியார் எழுந்து ஏறினார், மறுபடியும் விழுந்தார்.

"எல்லாம் உன்னாலதான்!"

"இல்லே, உன்னாலதான்!"

கிராங்க்குகளின் சண்டை ஓயவில்லை. பாதி மலை தாண்டுவதற்குள் உச்சியில் தீபம் ஏற்றிவிட்டார்கள்.

"அரோகரா!" என்று கரடியார் கை கூப்பினார். புதரில் கிடந்தபடியே சக்கரமும் கும்பிட்டது.

கும்பிட்டு முடித்த கரடியார் தலையைச் சொறிந்தார். "இறங்கும்போது நெட்டையை வலது பக்கம் மாட்டிப் பார்ப்போமா?"

சக்கரம் தன் காற்றைத் தானே புஸ்ஸென்று இறக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.