பலகையாகாத பஞ்சு

நூற்பாலையின் கழிவுக் கிடங்கில் வெள்ளைவெளேரென்று பஞ்சுக் கழிவு ஒன்று கிடந்தது. உருக்கிய பிளாஸ்டிக்கோடு சேர்த்து அழுத்தினால் அது கதவுப் பலகையாகும். இல்லையேல் அடுப்பில் எரியும்.

"வாங்க அக்கா, சேர்ந்தே போவோம்" என்றது கிழிந்த பிளாஸ்டிக் சாக்கு.

"உன்னோடா? நான் செடியில் விளைந்தவளடா! என்னை மறுபடியும் நூற்க வருவார்கள், பார்!" என்று சொல்லி, ஒழுகும் சுவரோரம் ஒளிந்துகொண்டது பஞ்சு.

சாக்கு வேறு பஞ்சோடு போய்விட்டது. மழைக்காலம் முடிந்தும் நூற்க ஒருவரும் வரவில்லை. புதிய சாக்குகள் வந்ததும், "தம்பிகளா, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பஞ்சே வலியக் கேட்டது.

அவை தயங்கின. "ஆசைதான் அக்கா. ஆனால், பூஞ்சை பிடித்த பஞ்சு சேர்ந்தால் பலகை உப்பிவிடுமாமே!"

அடுப்புக்கு அள்ளும் கூடை நெருங்கியபோதுதான், பஞ்சு தன்னைத் தானே முகர்ந்து பார்த்தது.