இரண்டு பச்சைப் பட்டைகள்

நுண்ணோக்கி அறையில் கும்மிருட்டு. எலிக்கூண்டு கழுவுகிறவர் குனிந்து குழலில் கண்ணை வைத்திருக்கிறார். ஈரக் கையுறை சட்டைப்பையில் தொங்குகிறது. நாளுக்கு நாள் பார்வை மங்கிக்கொண்டே வரும் மனைவி பின்னால் சுவரைத் தொட்டபடி நிற்கிறாள். குழலுக்குள் எலியின் விழித்திரைச் சீவல். கறுப்புக்கு நடுவே பச்சைப் புள்ளிகள் இரண்டு பட்டைகளாக மினுங்குகின்றன. "ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ற இடம்ணா அது. ரெண்டையும் ஒட்டிப் பிடிச்சு வைக்கிற புரதம்தான் பச்சையா தெரியுது," என்கிறாள் ஆராய்ச்சிக்காரப் பெண். "அந்தப் பசையை இவ கண்ணுல விடலாமாம்மா?" ஆராய்ச்சிக்காரப் பெண் நகத்தால் மேசை விளிம்பைச் சுரண்டுகிறாள். "எலிக்கு அது எங்கெங்க இருக்குன்னுதான் இப்பப் பாக்கறோம். அவ்வளவுதான்ணா. ரொம்ப நேரம் பாக்காதீங்க, பாக்கப் பாக்க இயந்திரத்து வெளிச்சம் பட்டு பச்சை மங்கிடும்." சூடு பட்டவர்போல் அவர் விலகி, மனைவியை இழுத்து உட்காரவைக்கிறார். "நீ பாரு, தீந்துடப் போகுது." "ஓசியில படம் காட்டறீங்களாக்கும்," என்று சிரித்துக்கொண்டே அவள் குழலில் முகம் புதைக்கிறாள். இயந்திரத்தின் விசிறி உறுமுகிறது. சிரிப்பு அவள் உதட்டிலேயே காய்கிறது. "விளக்கே போடலையே, இருட்டாத்தானே இருக்கு?" அவர் அவள் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்துகிறார். "இப்ப?" "இல்லைங்க." அவளை ஒதுக்கிவிட்டு அவரே குனிகிறார். உள்ளே ஒரு புள்ளி குறையாமல் இரண்டு பட்டைகளும் பச்சைப்பசேலென்று எரிகின்றன. அவர் நிமிரவில்லை. "மங்கிப்போச்சுடி," என்கிறார். "நான்தான் ரொம்ப நேரம் பாத்துட்டேன்."