காலிப் பெட்டி

ஷாப்பிங் இணையதளத்தின் முகப்புப் பக்கக் கோடிங்கில் ஒரு காலிப் பெட்டி இருந்தது. உள்ளே எழுத்தில்லை, படமில்லை. திரையில் தெரியவும் தெரியாது. பக்கத்தைச் சரிசெய்ய உட்கார்ந்த நஸ்ரின் எரிச்சலில் அதை அழித்தாள். 'வாங்கு' பட்டன் சரிந்து பக்கத்தின் அடியில் போய் விழுந்தது. திரும்ப வைத்தாள். பட்டன் மேலேறி நின்றது.

"எந்தப் புண்ணியவான் வெச்சது இது?" என்று கத்தினாள்.

"யாரோ. வேலையை விட்டுப் போயாச்சு. தொடாதீங்க," என்றார் டீம் லீட் சேவியர்.

நாள் முழுக்க முட்டிமோதியும் காரணம் பிடிபடவில்லை. சாயங்காலம், அவள் தொடாத தேடல் கட்டம் கோணிக்கொண்டது.

"இன்னுமா முடியல? இன்னிக்கே சைட் லைவ் போகணும்," என்றார் சேவியர்.

நஸ்ரின் பல்லைக் கடித்துக்கொண்டு தேடல் கட்டத்துக்கு மேலே இன்னொரு காலிப் பெட்டியை வைத்தாள். கட்டம் நேராகிவிட்டது. ஏனென்று தெரியவில்லை. கோடிங்கில் அந்தப் புதுப் பெட்டிக்குப் பக்கத்தில் 'தொடாதீங்க' என்று குறிப்பு எழுதினாள். பெயர் போடவில்லை.