ஆர்ச்சா கக்கூஸா

“கக்கூஸ் பக்கத்துல வந்து திரும்புங்கன்னா சம்பந்தி வீட்டாளுங்களுக்கு வழி சொல்லறது?”

நாச்சிமுத்து நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டார். பெண்கள் வரிசையில் இருந்த அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்கய்யன் பேரை ஆர்ச்சுல எழுதிட்டா எங்களுக்கு ஒண்ணுக்கு வராம நின்னுருமாக்கும்?” என்றாள் தையல்கடை லோகநாயகி.

பெண்கள் பக்கம் சிரிப்பு. ஆண்கள் பக்கம் செருமல்.

ரேஷன் கடை வாசலில் நகராட்சியின் பகுதி சபைக் கூட்டம். எல்லாவற்றையும் மேலே இருக்கிறவர்களே முடிவு செய்கிறார்கள் என்று காலமெல்லாம் குறைப்பட்ட தெரு இது. முதன்முறையாகப் பணமும் வந்தது, முடிவும் எங்களிடமே வந்தது.

“மேல யாரையும் கேக்க வேண்டியதில்லீங்க. தெரு என்ன சொல்லுதோ அதுதான்” என்று கவுன்சிலரம்மா சொன்னபோது எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தோம்.

தெருமுனையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. இல்லையென்றால் அதே இடத்தில் ஓர் ஆர்ச்.

ஆர்ச்சில் காலஞ்சென்ற தன் அப்பா பெயரைப் போடவேண்டும் என்பது நாச்சிமுத்துவின் ஆசை. அப்பா தெருவுக்கு என்ன செய்தார் என்றால், தெருவிலேயே முதன்முதலாக மாடி கட்டினார்.

கழிப்பறை கேட்டவள் பூக்காரி பாவாத்தாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நாச்சிமுத்து வீட்டு மதில் நிழலில்தான் கடை. பகலில் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. அடக்கி அடக்கி ஆஸ்பத்திரிவரை போய்வந்தாள்.

நாச்சிமுத்து மனைவிக்கு அது தெரியும். தெருவுக்கே தெரியும்.

“கழிப்பறை வேணுங்கறவங்க கை தூக்குங்க.”

கைகள் எழுந்தன. கூடவே நாச்சிமுத்து மனைவியின் கையும்.

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

பாதிவரை வந்த கை காதோரம் ஒதுங்கியது. கலையாத முடியைச் சரிசெய்தது.

பாவாத்தாள் பார்த்துவிட்டாள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், தப்பு செய்தது தான்தான் என்பதுபோல.

ஒரே ஒரு கை வித்தியாசத்தில் ஆர்ச் ஜெயித்தது.

அப்புறம் நாச்சிமுத்து மனைவி பால் வாங்கக்கூடப் பின்வாசல் வழியாகத்தான் போனாள். ஆர்ச்சில் பெயின்ட் காய்வதற்குள், மகனோடு இருக்கப்போவதாகச் சொல்லி இருவரும் ஓசூருக்குக் குடிபோனார்கள்.

இங்கே தண்ணீர் சரியில்லையாம். எங்களுக்கெல்லாம் நன்றாகத்தான் வந்தது.

அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தது புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. சாமான்கள் இன்னும் வேனில் இருந்தன. அந்தப் பெண் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

“அக்கா, பின்னாடி இருக்கற பாத்ரூமை நாங்க பூட்டமாட்டோமுங்க. நீங்க போய்க்குங்க.”

பாவாத்தாள் பூ அளந்த கையை அப்படியே வைத்திருந்தாள்.

பூ வாங்க நாலைந்து பேர் நின்றிருந்தோம். எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள்.