ஞாயிற்றுக்கிழமைத் தாகம்

டாக்டர் அந்தச் சின்ன சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது சோலைராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

வரக்காப்பி நிறம். அதுவும் பாதி சீசாகூட இல்லை. அதைப் பிடித்துவரவே முத்துப்பேச்சி அவ்வளவு நேரம் உள்ளே இருந்தாள்.

சோலைராஜ் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவன். ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் துணி கொடுக்கிறவனுக்கு ஒரு சொட்டு ரத்தம் கண்டால் தலை சுற்றும். பெண்டாட்டிக்கு மூத்திரத்தில் ரத்தம்தான் போகிறது என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டு, சோறு தண்ணி இறங்காமல் கிடந்தான். கல்யாணமாகி வருடம் திரும்பவில்லை. அதற்குள் இவளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயம்.

பெண்டாட்டி வேலை பார்க்கிற ராஜபாளையம் மில்லிலேயே ஒரு டாக்டர் இருக்கிறார். முத்துப்பேச்சிதான் அங்கே வேண்டவே வேண்டாம் என்றாள். ஷிப்ட் முடிந்ததும் மில் கேட்டிலிருந்து நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டார்கள். அவள் தலையில் பஞ்சுத் தூசிகூட இன்னும் போகவில்லை. பொம்பளைச் சங்கதி, தெரிந்த இடத்தில் வெட்கப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"ரத்தம் இல்ல தம்பி" என்றார் டாக்டர். "கிட்னி நல்லாத்தான் வேலை பாக்குது. இந்தக் கோடையில குழாயில தண்ணி வரலைன்னா வீட்டுல என்ன செய்யுதோம்? அரிசி களைஞ்ச தண்ணியக்கூடக் கீழ ஊத்துறதில்லைல்ல? அதேதான். உடம்புல தண்ணி குறைஞ்சா மூளை தகவல் சொல்லிரும். கிட்னி உடனே, போற தண்ணியத் திரும்ப உள்ள இழுத்துக்கிடும். கழிவ மட்டும் கெட்டியா வெளிய தள்ளும்."

சோலைராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் விடவில்லை.

"ஆனா அதுவும் எம்புட்டு நாளைக்குத் தாங்கும்? கல்லு சேரும், சீழ் பிடிக்கும், பொறவு கிட்னியே போனாலும் போயிரும். ஏம்மா, உனக்குத் தாகமே எடுக்காதா?"

முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். உதடு வெடித்துக் கிடந்தது.

"ஞாயித்துக்கிழமை பாக்கணுமே சார்!" என்று சோலைராஜ் முந்திக்கொண்டான். "சொம்பு சொம்பாக் குடிப்பா. அன்னைக்கு ஒண்ணுக்கும் தெளிவாப் போகுதுங்கா. மில்லுக்குப் போனாத்தான் இப்படி."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். நர்ஸிடம் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் செய்தார்.

முத்துப்பேச்சி இரண்டு கையாலும் அதை வாங்கினாள். அவள் வாங்கின வேகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை என்றதும் சோலைராஜுக்கு வாய் நிற்கவில்லை. "அதுக்கும் வழி பண்ணிட்டுத்தான் சார் வந்திருக்கேன். அங்க மேஸ்திரி சமுத்திரம் எனக்குச் சொந்தச் சித்தப்பா. இவளுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே அவியதான். இவ தண்ணி குடிக்காம கெடக்கான்னு கேட்டுலயே பாத்துச் சொல்லிட்டேன். 'நீ கவலப்படாதல, நாளையிலருந்து மணிக்கொருக்கா தண்ணி குடுத்து நானே கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்'னு சொல்லிட்டாவ."

டம்ளர் அவள் வாயருகே போய் அப்படியே நின்றது.

ஒரு மடக்குகூடக் குடிக்கவில்லை. மேஜையில் வைத்தாள். வைத்த வேகத்தில் தண்ணீர் சிந்தி மருந்துச் சீட்டு நனைந்தது.

"எங்கம்மா கூட்டிட்டுப் போவாரு?" டாக்டரின் குரல் மாறியிருந்தது. அவர் சோலைராஜைப் பார்க்கவே இல்லை.

"கக்கூஸுக்கு." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பஞ்சு குடோனுக்குப் பின்னால இருக்கு. சாவி மேஸ்திரி மாமா மடியிலதான் இருக்கும். மத்த பிள்ளைக கேட்டா எடுத்துக் குடுத்துருவாவ. நான் கேட்டா மட்டும் கூடவே வருவாவ."

சோலைராஜுக்கு நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கேட்டில் சித்தப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, 'நீங்கதான் இவளப் பாத்துக்கிடணும்' என்று அவன் கண் கலங்கச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.