பத்திரத்தில் மூன்று பேர்

"எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"அஞ்சு பேருங்க. நானும் இவளும், மூணு பிள்ளைங்க," என்றான் கோத்ரத்.

"மொத்தம் மூணு பேர்னு சொல்லு."

அவன் முழித்தான். செங்கல் சூளையில் கூலி வேலை. பனிக்காலத்துக்குச் சூளையை மூடுகிற முதலாளி, வெள்ளிக்கிழமைக்குள் கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டானாம். என் கடைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வீட்டு வாசலில் நின்றிருக்கிறான். மூன்று பிள்ளைகள் என்றதும் பதினோரு கதவும் சாத்திக்கொண்டன.

வராமின் ஊரில் பதினெட்டு வருஷமாக வீட்டு புரோக்கராகக் குப்பை கொட்டுகிறேன். இவன் கூலிக்குக் கட்டுப்படியாகிற வீடு அன்றைக்கு ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. ஹாஜி யதுல்லாஹ் வீட்டு மாடி. ஆனால் ஹாஜி ஒரு பிள்ளைக்கு மேல் விடமாட்டார். என்னிடமே விரலை நீட்டிச் சொல்லியிருக்கிறார்: "ஒண்ணு. ரெண்டாவது வந்தா உன்னையும் சேர்த்து வெளியே தள்ளுவேன்."

கோத்ரத்தின் மனைவி சொரய்யாவிடம் சொன்னேன். "கைக்குழந்தையைக் காட்டும்மா. அது அழும், மறைக்க முடியாது. பெரிசு ரெண்டும், ஹாஜி மேலே வந்தா, மெத்தை அலமாரிக்குள்ளே போயிடணும்."

"எத்தனை நாளைக்கு அண்ணே? இதுங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணுமே."

"முதல்ல கூரை. அப்புறம் பள்ளிக்கூடம்."

வாடகைப் பத்திரத்தில், குடியிருப்போர் மூன்று பேர் என்று என் கையாலேயே எழுதினேன்.

ஹாஜி லேசுப்பட்ட ஆளில்லை. மாடிக்குப் போவதென்றால் தெருவையே கூட்டிவிடுவார். உள்ளே இருக்கிற பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று ஆண்கள் வாசலில் ஒரு "யா அல்லாஹ்" சொல்வது வழக்கம்தான். இந்த மனுஷர் கீழ்ப்படியிலேயே ஆரம்பிப்பார். ஒரு "யா அல்லாஹ்", கைத்தடியால் ஒரு டொக்கு. மறுபடி ஒன்று, மறுபடி ஒரு டொக்கு. "கிழவருக்கு பக்தி முத்திப்போச்சு" என்று ரொட்டிக்கடை வரிசையில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மாதம் தவறாமல் என் கடைக்கு வந்து நிற்பார். "என்னடா குடி வெச்சிருக்கே? ஒரு கைக்குழந்தை வீடு முழுக்க ஓடுமா?"

"பல் முளைக்குது ஹாஜி," என்பேன்.

முறைத்துவிட்டுப் போய்விடுவார்.

கோடை முடிகிற நேரம். ஒரு நாள் காலையில் வந்தவர், நான் நீட்டிய டீயைக்கூடத் தொடவில்லை.

"பத்திரத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"என்ன ஹாஜி, திடீர்னு?"

"எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நினைச்சியா?"

பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். வழியெல்லாம் கெஞ்சினேன். "மறுபடி பனி வரப்போகுது ஹாஜி. அந்தக் குடும்பம் தெருவுலதான் நிக்கும். வேற வீடு கிடையாது, எனக்குத் தெரியும்." அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். படியில் கால் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"யா அல்லாஹ்." டொக்கு. "யா அல்லாஹ்." டொக்கு. பாதியில் நின்று வேறு மூச்சு வாங்கினார். மொத்தம் ஏழு தடவை. எனக்கு எரிச்சலாக வந்தது.

கதவைத் திறந்த சொரய்யாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கோத்ரத் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றான். ஹாஜி நேராக மெத்தை அலமாரியைப் பார்த்தார்.

"பெரிசு ரெண்டும் வெளியே வரட்டும்."

அலமாரிக் கதவு மெதுவாகத் திறந்தது. முதலில் ஒன்பது வயசுப் பையன் வந்தான். அவன் பின்னால் ஏழு வயசு பரஸ்தூ, இரண்டு ஜோடி ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"ஹாஜி, நான்தான்..." கோத்ரத்தால் முடிக்க முடியவில்லை.

"நீ சும்மா இருப்பா. நீ சரியாத்தான் சொல்லியிருப்பே." கைத்தடி என் பக்கம் திரும்பியது. "இந்தக் கூமுட்டைக்குத்தான் எண்ணத் தெரியலை. அஞ்சு பேர் இருக்கிற குடும்பத்துக்கு மூணுன்னு எழுதி வெச்சிருக்கான். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களைச் சேர்க்கிறாங்க, வாடகைப் பத்திரம் கேட்பாங்க. மூணுன்னு இருந்தா இதுங்களை யார் சேர்த்துக்குவா? அடிச்சுட்டு அஞ்சுன்னு எழுதுடா."

எழுதினேன்.

"மன்னிச்சுக்கப்பா கோத்ரத், தப்பா எண்ணிட்டேன்," என்றேன். பொய் சொல்லியே பிழைக்கிற இந்த வாயிலிருந்து இவ்வளவு நல்ல பொய் அதுவரை வந்ததில்லை. கோத்ரத் தலை நிமிர்ந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கீழே இறங்கும்போது கேட்டேன். "எப்போ தெரிஞ்சுது ஹாஜி?"

"குடி வந்த அன்னைக்கே. நாளெல்லாம் என் தலைக்கு மேலே ரெண்டு பிள்ளைங்க நுனிக்கால்ல நடக்குதுங்க. நான் படியேறினா மட்டும்தான் ஓடுதுங்க. கேட்காதா? உன் வாயாலேயே உண்மை வரும்னு மாசா மாசம் வந்து கேட்டேன். பல் முளைக்குதுன்னே."

"அவன்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா அதுக்கப்புறம் அவன் என் முகத்தை எப்படிப் பார்ப்பான்?"

நான் அப்படியே மலைத்துப்போய்ப் படியிலேயே நின்றுவிட்டேன். இந்த மனுஷரைப் பார்த்தா இத்தனை நாள் சிரித்தோம்?

"அப்போ அந்த ஏழு 'யா அல்லாஹ்'?"

"கீழ்ப்படியிலிருந்தே தெரியும். ஒளியப் போற அவசரத்துலயும் அந்தச் சின்னப்பொண்ணு பாதியில திரும்பி வந்து, வாசல்ல கிடக்கிற ஷூவையெல்லாம் எடுத்துக்கிட்டு ஓடுதுடா," என்றார் ஹாஜி. "அது போய் ஒளியற வரைக்கும் நான் மேலே ஏறாம இருக்கணும்ல?"