முடிவுக்காப்பு

சனிக்கிழமை மாலையானால், அந்த வாரம் படித்த கதைகளைப் பேச இளவேனில் வீட்டுக்குக் குணாளன் வந்துவிடுவான். வாசகர் வட்டத்தில் எல்லோரையும் போல அவன் காதிலும் முடிவுக்காப்பு என்ற சின்னக் கருவி இருந்தது. படித்து முடிக்காத கதையின் முடிவை யார் சொன்னாலும் அது காதில் விழாது.

இன்று அவன் கொண்டுவந்தது ஒரு துப்பறியும் காமிக்ஸ். இன்னும் பத்துப் பக்கம் பாக்கி. கடும் சளி வேறு, மூக்கு அடைத்திருந்தது.

இளவேனில் காபி போட உள்ளே போனாள். காமிக்ஸை சோபாவில் வைத்துவிட்டு, லைட் போடலாமென்று அவன் ஹாலின் மறுகோடிக்கு நடந்தான்.

சமையலறை வாசலிலிருந்து அவள் அலறினாள். "கேஸ் லீக்காகுது! ஸ்விட்சைத் தொடாதீங்க!"

அவனுக்கு அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"முடிவைத்தானே சொல்றீங்க? எனக்குக் கேக்காதுங்களே!" என்று சிரித்தான்.

அவளுக்குத் திக்கென்றது. அந்தக் காமிக்ஸை அவள் படித்திருந்தாள். கேஸ் நிறைந்த வீட்டில் ஒருவன் ஸ்விட்சைப் போடுவதோடு அது முடியும்.

ஓடிப்போய்த் தடுக்க நேரமில்லை. சோபாவில் கிடந்ததை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்து உயர்த்திக் காட்டினாள்.

"ஐயோ, காட்டாதீங்க!"

குணாளன் கண்களை இறுக மூடிக்கொண்டு, சுவரில் ஸ்விட்சைத் தடவினான்.